ரோடு ட்ரிப் போறதுக்கு இஎம்ஐ போடலாமா? மளிகைக்கே வட்டி கட்டிட்டு இருக்கீங்க தங்கச்சி!

கேள்வி:

வணக்கம் அக்கா. நான் சென்னைல பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர், சம்பளம் 22,000. வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனில வேல பாக்கறார், கைக்கு 46,000 வருது. வர்ற கல்யாண நாளோட பத்து வருஷம் முடியுது. அதனால கால் பரீட்சை லீவுல நாங்க ரெண்டு பேர் மட்டும் கார எடுத்துட்டு எட்டு நாள் ரோடு ட்ரிப் போலாம்னு இருக்கோம். மாமல்லபுரம், பாண்டி, பிச்சாவரம், வேளாங்கண்ணி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, அப்படியே மதுரை பக்கம் மாமியார் ஊர், அங்கிருந்து சென்னை. பட்ஜெட் 60,000 ஆகும் போல இருக்கு, அதுல ஒரு பீச் ரிசார்ட்டையும் சேர்த்து ரூமுக்கு மட்டும் 34,000. கிரெடிட் கார்டுல தேய்ச்சு 12 மாச இஎம்ஐயா மாத்திக்கலாம்னு அவர் சொல்றார். ட்ராவல் கார்டுன்னு புதுசா ஒண்ணு வாங்குனா லவுஞ்சு, பெட்ரோல் ஆஃபர் எல்லாம் கிடைக்கும்னு ஃபோன் பண்ணிட்டே இருக்காங்க, அத வாங்கலாமா? போன வருஷம் மூணாறு போன இஎம்ஐ மாசம் 3,900, இன்னும் நாலு மாசம் இருக்கு. கார்டுல பழைய பாக்கி 84,000 இருக்கு, பில் தேதி 18. அதுல 38,000 கொழுந்தனார் ஃபோன் வாங்குனது, ரெண்டு மாசம் குடுத்தார், அப்புறம் தரல. ஆனா நாங்க ஒரு மாசம் கூட லேட் பண்ணாம, பில்ல குறைஞ்சபட்சம் இவ்வளவு கட்டணும்னு போட்டிருக்கிற மினிமம் ட்யூ கரெக்டா கட்டிடுவோம். மளிகை, பெட்ரோல்னு மாசம் 14,000 அதே கார்டுல தான் போடுவோம், அதுக்கான காச தனியா முழுசா கட்டிடுவோம், அதனால அதுக்கு வட்டி கிடையாது. 50,000 எஃப்டி இருக்கு, டெர்ம் இன்சூரன்ஸ் இருக்கு, ஒரு தீம் ஃபண்டுல (ஒரே துறைய சுத்தி பணம் போடுற மியூச்சுவல் ஃபண்டு) மாசா மாசம் 5,000 எஸ்ஐபி 14 மாசமா போகுது, இப்போ 76,000 இருக்கு. ட்ரிப்ப கேன்சல் பண்ண சொல்லிடாதீங்க அக்கா, ப்ளீஸ்.

பதில்:

கேன்சல் பண்ண சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. டெர்ம் பாலிசி இருக்கு, அவசரத்துக்கு எஃப்டி இருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க, அதனால அந்த பாடத்த எல்லாம் நான் எடுக்கல. உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன், ரெண்டாவது தடவ ஒரே ஒரு வரில நின்னுட்டேன். "மினிமம் ட்யூ கரெக்டா கட்டிடுவோம்". அத ஏதோ பரீட்சைல ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குன மாதிரி எழுதியிருக்கீங்க பாருங்க, அங்க தான் எனக்கு வயித்துல புளி கரைச்சுது.

கணக்கு பாக்கலாம், தோராயமா தான். உங்க கார்டுக்கு வட்டி மாசம் 3.75 சதவீதம்னு வெச்சுக்குவோம், நிறைய கார்டுல இப்போ அந்த ரேஞ்சு தான். 84,000-க்கு மாசம் 3,150 ரூபா வட்டி. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 567. ஆக 3,717. நீங்க கட்டுற மினிமம் ட்யூ அஞ்சு சதவீதம்னா 4,200. கடன்ல குறையுறது எவ்வளவு? 483 ரூபா. பாண்டில ரெண்டு பேர் ஒரு வேள மீன் சாப்பாடு சாப்பிட்டா அந்த காசு காலி. மாசம் 4,200 கட்டுறோம், 4,200 கட்டுறோம்னு நீங்க நெனச்சுட்டு இருக்கீங்க, நெஜத்துல நீங்க கடன் அடைக்கிறது மாசம் ஐநூறு கூட இல்ல.

இதோட முடியல. மளிகைக்கு வட்டி இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அது தப்பு தங்கச்சி. அந்த 45 நாள், 50 நாள் வட்டியில்லா கணக்கெல்லாம் போன மாச பில்ல ஒரு ரூபா பாக்கி இல்லாம கட்டினவங்களுக்கு மட்டும் தான். பாக்கி வெச்சிட்டா அந்த சலுகை போயிடும், நீங்க இன்னிக்கு காலைல வாங்குற துவரம் பருப்புக்கு இன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும், அடுத்த மாசம் அந்த பணத்த முழுசா கட்டினாலும் நடுவுல ஓடுன நாளுக்கு வட்டி வட்டி தான். 14,000-க்கு சராசரியா ஒரு மாசம்னு வெச்சா கூட 525, ஜிஎஸ்டியோட 620 கிட்ட. நம்பலன்னா ஸ்டேட்மென்ட்ட எடுங்க, ஆப்ல மேல பெருசா பச்ச கலர்ல காட்டுற நம்பர இல்ல, பிடிஎஃப் டவுன்லோட் பண்ணி உள்ள போங்க, "ஃபைனான்ஸ் சார்ஜஸ்"னு ஒரு வரி இருக்கும், அது தான் இந்த வட்டி. அதே பிடிஎஃப்ல பொடி எழுத்துல, மினிமம் மட்டும் கட்டிட்டே வந்தா கடன் வருஷக்கணக்குல இழுக்கும், வட்டி மேல வட்டி ஏறும்னு ஒரு எச்சரிக்கையும் இருக்கும். ரிசர்வ் பேங்க் போட சொன்னதால போடுறாங்க. எத்தன பேர் அத படிக்கறாங்கன்னு தெரியல, நானும் ரொம்ப நாள் படிச்சதில்ல, அந்த கதைக்கு அப்புறம் வரேன்.

ஆக மொத்தம் மாசம் 4,300 ரூபா சும்மா போகுது. உங்க எஸ்ஐபி ஓடுற இந்த 14 மாசத்துக்கு பெருக்குங்க, 60,200. உங்க ட்ரிப் பட்ஜெட் எவ்வளவு? 60,000. அப்போ அந்த ட்ரிப் ஏற்கனவே ஒரு ரவுண்டு நடந்து முடிஞ்சுடுச்சு தங்கச்சி, கார்ல நீங்க ரெண்டு பேரும் இல்ல, அவ்வளவு தான், உங்க காசுல வேற யாரோ பிச்சாவரம் போட்ல உக்காந்து போட்டோ எடுத்துட்டு வந்துட்டாங்க.

இப்போ இது மேல இன்னொரு 60,000-த்த தேய்ச்சு இஎம்ஐ போட்டா என்ன ஆகும்னு கேட்டீங்க. வருஷ வட்டி 16 சதவீதம்னு வெச்சா மாசம் 5,440, வருஷத்துல 5,300 வட்டி, அதுக்கு ஜிஎஸ்டி, ப்ராசசிங் ஃபீஸ்னு சேர்த்தா 6,500 தாண்டும். தனியா பாத்தா பெரிய தொகை இல்ல, ஒத்துக்கறேன். ஆனா மூணாறு இஎம்ஐ முடியறதுக்குள்ள கன்னியாகுமரி இஎம்ஐ, அது முடியறதுக்குள்ள அடுத்த வருஷம் கூர்க் இஎம்ஐ, இப்படியே போனா ரெண்டு பேருக்கும் லீவு முடிஞ்சாலும் லீவுக்கு காசு கட்டுறது முடியாது. அப்புறம் ரோட்டோரத்துல எளநீ வாங்க, செருப்பு வெக்கிற இடத்துல குடுக்க, பார்க்கிங்குக்குன்னு கைல காசு வேணும், அத கார்டு வெச்சு ஏடிஎம்ல எடுத்துக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா அந்த பக்கமே போகாதீங்க, எடுத்த நிமிஷத்துல இருந்து வட்டி, தனியா ஃபீஸ் வேற.

ட்ராவல் கார்டு. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. லவுஞ்சு ஃப்ரீன்னு சொல்றாங்க, சரி, ஏர்போர்ட் லவுஞ்சு, நீங்க போறது ஈசிஆர்ல கார்ல. நாகப்பட்டினத்துல எந்த லவுஞ்சுல போய் உக்காருவீங்க? பெட்ரோல் ஆஃபர்னா பெரும்பாலும் கார்டுல பெட்ரோல் போட்டா கூடுதலா பிடிக்கிற ஒரு சதவீதம் சர்சார்ஜ் தள்ளுபடி. ட்ரிப் முழுக்க 10,000 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டீங்கன்னா மிச்சம் 100 ரூபா. கார்டோட வருஷ ஃபீஸ் 3,000-ன்னு வெச்சா ஜிஎஸ்டியோட 3,540. நூறு ரூபா மிச்சம் பண்ண மூவாயிரத்து ஐநூறு. அதே பெட்ரோல்ல நெஜமாவே காசு மிச்சம் பண்ணணும்னா சென்னைல டேங்க் ஃபுல் பண்ணாம பாண்டி போய் சேர்ற அளவு மட்டும் போடுங்க, அங்க வரி கம்மி, நம்ம ஊர் விலைய விட லிட்டருக்கு சில ரூபா கம்மியா இருக்கும், அங்க ஃபுல் பண்ணுங்க. காரைக்காலும் புதுச்சேரி யூனியன் பிரதேசம் தான், வழில தான் வருது, அங்க இன்னொரு தடவ ஃபுல் பண்ணிக்கலாம். இதுக்கு எந்த கார்டும் வேணாம்.

சரி, என்ன பண்ணணும்? எஸ்ஐபிய நிறுத்துங்க, அந்த 76,000-த்த வித்து கார்டுல கட்டுங்க. இத சொன்னா எனக்கு திட்டு விழும்னு தெரியும், எஸ்ஐபிய எந்த காலத்துலயும் நிறுத்தக்கூடாதுன்னு வீடியோ வீடியோவா பாத்து வெச்சிருப்பீங்க. உங்களுது போன வருஷம் எல்லாரும் ஓடிப்போய் சேர்ந்த மாதிரி தீம் ஃபண்டு. அது வருஷம் 12 சதவீதம் குடுக்கலாம், 15 குடுக்கலாம், குடுக்காமயும் போலாம். கார்டு வட்டி ஜிஎஸ்டியோட வருஷம் 53 சதவீதம், அது "லாம்" கிடையாது, கண்டிப்பா எடுத்துக்கும். ஒரு பக்கம் 12-க்கு ஆசப்பட்டுட்டு இன்னொரு பக்கம் 53 கட்டுறது, ஓட்ட குடத்துல தண்ணி மொண்டு ஊத்துற கதை. ஒரு வருஷத்துக்குள்ள போட்ட தவணைக்கு சீக்கிரம் விக்கிறதுக்குன்னு ஒரு சதவீதம் எக்ஸிட் லோடு போகும், லாபமே 6,000 தான்ங்கிறதால வரியும் கொஞ்சம் தான், எல்லாம் சேர்த்து 2,000-க்குள்ள முடியும். அரை மாச கார்டு வட்டி அது. எஃப்டிய தொடாதீங்க, கார் நடு ரோட்ல நின்னா, யாருக்காவது உடம்புக்கு முடியலன்னா அது வேணும்.

75,000 கட்டினா மிச்சம் 9,000. மினிமம் ட்யூ 4,200-ம் எஸ்ஐபி 5,000-மும் இப்போ உங்க கைல நிக்குது, மாசம் 9,200. முதல் மாசம் அந்த 9,000-த்த முடிச்சிடுங்க. அடுத்த நாலு மாசம் அதே 9,200-ஐ தனி அக்கவுண்ட்ல போட்டா 36,800. நடுவுல மூணாறு இஎம்ஐயும் முடிஞ்சிடும். அது தான் உங்க ட்ரிப் காசு, ரொக்கமா. கால் பரீட்சை லீவுக்கு முடியாது, ஜனவரி கடைசில முடியும். நெஜமா சொல்லணும்னா ஊர் பாக்கவும் அது தான் நல்ல நேரம், மழை ஓஞ்சிருக்கும், வெயில் ஆரம்பிச்சிருக்காது, பொங்கல் கூட்டமும் போயிருக்கும்.

36,800-ல ட்ரிப்பான்னு வீட்டுக்காரர் கேப்பார். உங்க 60,000-ல 34,000 ரூம் தானே? அந்த பீச் ரிசார்ட்டுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போய் சேருவீங்க, மறுநாள் காலைல ஆறரைக்கு கிளம்பினா தான் அடுத்த ஊர் பாக்க முடியும். ஸ்விம்மிங் பூல ராத்திரி ஜன்னல் வழியா பாத்ததுக்கு ஒம்பதாயிரமா? ரோடு ட்ரிப்ல ரூமுங்கிறது குளிக்க, தூங்க, காருக்கு ஒரு நிழல், அவ்வளவு தான். 2,200 ரூபாய்க்கு சுத்தமான ரூம் கிடைக்கும், பாண்டிக்கு மட்டும் சனிக்கிழமை ராத்திரி போய் நிக்காதீங்க. வேளாங்கண்ணில கோயில் நிர்வாகமே நடத்துற விடுதிங்க இருக்கு, ராமேஸ்வரத்துல நம்ம சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டல் தமிழ்நாடு இருக்கு, முன்னாடியே புக் பண்ணிடுங்க. கன்னியாகுமரிய இந்த தடவ விட்டுடுங்க, அதுக்குன்னு கீழ இறங்கி ஏறினா மட்டும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல சேருது, ரெண்டு நாள் போகுது.

பாண்டி, வேளாங்கண்ணி, தஞ்சாவூர், ராமேஸ்வரம்னு நாலு ராத்திரி ரூம், 8,800. அஞ்சாவது ராத்திரி மாமியார் வீடு, ஃப்ரீ. ஊர் சுத்துறதையும் சேர்த்து 1,450 கிலோமீட்டர் வரும், உங்க கார் லிட்டருக்கு 16 குடுத்தா 90 லிட்டர், 9,500 வெச்சுக்கோங்க. சாப்பாடு நாளுக்கு 1,200, ஆறு நாள் 7,200. டோல் 1,500. போட், டிக்கெட், பார்க்கிங் 2,500. வாங்குறதுக்கு 3,000. மொத்தம் 32,500, மீதி நாலாயிரத்து சொச்சம் எதிர்பாராத செலவுக்கு.

டோல்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஃபாஸ்டேக் வருஷ பாஸ்னு 2025 ஆகஸ்ட்ல 3,000 ரூபாய்க்கு ஆரம்பிச்சாங்களே, ஒரு வருஷம் இல்லன்னா 200 தடவ, எது முதல்ல வருதோ அதுவரைக்கும். இந்த ஒரு ட்ரிப்புக்குன்னு வாங்கினா நஷ்டம். தேசிய நெடுஞ்சாலைல மட்டும் தான் செல்லும், மாநில அரசோட டோல், உதாரணத்துக்கு ஈசிஆர்ல உத்தண்டி, அங்க செல்லாது. ஆனா மாமியார் ஊருக்கு வருஷத்துல மூணு தடவ கார்ல போவீங்கன்னா கணக்கு போட்டு பாருங்க, அது வேற.

இந்த வழில பாக்க வேண்டியது எதுவும் பெருசா காசு கேக்காது, அது தான் எனக்கு பிடிச்ச விஷயம். மாமல்லபுரத்துல கடற்கரை கோயிலுக்கும் அஞ்சு ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஆளுக்கு 40 ரூபா, ஆன்லைன்ல 35, அர்ச்சுனன் தபசு ரோட்டோரத்துலயே இருக்கு, டிக்கெட்டே இல்ல. தரங்கம்பாடில டேனிஷ்காரங்க 1620-ல கட்டுன கோட்டை, பெரிய கூட்டமும் இருக்காது, மதில் மேல உக்காந்தா காத்து ஆள தள்ளும். தஞ்சாவூர் பெரிய கோயில் ஃப்ரீ. பாம்பன் ரோடு பாலத்துல போகும்போது பக்கத்துல 2025-ல திறந்த புது ரயில் பாலம் தெரியும், கப்பல் வந்தா நடு பாகம் அப்படியே நேரா மேல ஏறும். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊர், முன்ன எல்லாம் மணல்ல வேன் புடிச்சு குலுங்கி குலுங்கி போனோம், 2017-ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு, உங்க கார்லயே போலாம். இடிஞ்ச சர்ச் சுவர்கிட்ட ஒரு அம்மா மீன் வறுத்துட்டு இருந்தாங்க, மசாலா கைல ஒட்டி ராத்திரி வரைக்கும் வாசனை போகல. அந்த அம்மா கார்டு வாங்க மாட்டாங்க.

என் கதைய சொல்றேன்னு சொன்னேன்ல. நானும் இதே மினிமம் ட்யூ கேஸ் தான் ஒரு காலத்துல. வேன்ல தனுஷ்கோடி போனோம்னு சொன்னேனே, அந்த ட்ரிப்ல திரும்பி வர்ற வழில மணமேல்குடி பக்கம் ஒரு பங்க்ல 2,000-க்கு பெட்ரோல் போட்டாச்சு, கார்டு தேய்ச்சா டிக்ளைன்ட். இன்னொரு தடவ, டிக்ளைன்ட். லிமிட் முடிஞ்சிருக்கு, வட்டி ஏறி ஏறி லிமிட்ட தொட்டதே எங்களுக்கு தெரியல. பம்பு பையன் கைல குழாய வெச்சுட்டு நிக்கிறான், பின்னாடி மீன் லாரி ஹாரன். சீட்டுக்கு அடில, என் பர்ஸ்ல, சாமிக்கு முடிஞ்சு வெச்ச மஞ்ச துணில இருந்ததுன்னு எல்லாம் எண்ணி 1,640 தான் தேறுச்சு. மீதிய அந்த பையன் அவன் கைக்காச போட்டான். ஊருக்கு வந்து மணியார்டர் அனுப்பினோம். அன்னிக்கு ராத்திரி தான் அந்த பொடி எழுத்த முதல் தடவ படிச்சேன்.

கொழுந்தனார் விஷயம். அவர் காசு வந்தா தான் கார்ட அடைப்பேன்னு காத்திருக்காதீங்க, அந்த காத்திருப்புக்கு தான் மாசம் 1,700 வட்டி போகுது, அவர் பங்கு 38,000-க்கு மட்டும். நீங்க அடைச்சிடுங்க, அப்புறம் உங்க வீட்டுக்காரர் பேசட்டும், நீங்க பேசாதீங்க, அண்ணன் தம்பிக்குள்ள முடியட்டும், மாமியார் வரைக்கும் போக வேணாம். சம்பள தேதில மாசம் 3,000 தானா உங்க அக்கவுண்டுக்கு வர்ற மாதிரி அவர் பேங்க்ல போட்டு குடுக்க சொல்லுங்க. வந்தா அது எஸ்ஐபிக்கு, வரலன்னா உங்க பிளான் எதுவும் கெடாது. அடுத்து கார்டு லிமிட்ட ஆப்லயே 40,000-க்கு குறைச்சிடுங்க, நாளைக்கு யாராவது "அண்ணி, உங்க கார்டுல ஒரு டிவி"ன்னு வந்தா லிமிட் இல்லப்பான்னு சொல்லிடலாம், பொய்யும் இல்ல பாருங்க.

கடைசியா ஒண்ணு, இது நிறைய பேர் கோட்ட விடுற இடம். பில் தேதி 18-ன்னு எழுதியிருக்கீங்க. ஃபண்டு வித்தா காசு வர ரெண்டு மூணு வேல நாள் ஆகும், அதனால இந்த வாரமே ரிடெம்ப்ஷன், அதாவது விக்கிறதுக்கான ரெக்வெஸ்ட், போடுங்க. பாக்கி முழுசையும் அடைச்ச பிறகும் அடுத்த பில்ல ஆயிரமோ ரெண்டாயிரமோ வட்டி வரும், ஐயோ அக்கா ஏமாத்திட்டாங்கன்னு பதறாதீங்க, பில் போட்ட நாள்ல இருந்து நீங்க கட்டின நாள் வரைக்கும் ஓடின வட்டி அது. அதையும் முழுசா கட்டிடுங்க. அந்த பில்லுலயும் கீழ மினிமம் ட்யூ 200 ரூபான்னு ஒரு வரி இருக்கும், அத மட்டும் பாக்காதீங்க.